குன்றின் சரிவில் ஒரு தளம்

ஆலையடிவேம்பிலே வீடு கட்டுவோர் நிலத்தின் சரிவைப் பற்றிக் கவலை கொள்வதில்லை. கடற்கரை மணலும் வயற்சமவெளியுமே நமது நிலம். செங்குத்தான குன்றிலே தளம் அமைக்க நேரின் என் செய்வது? இவ்வினாவுக்கு நம் நாட்டில் இரண்டு விடைகள் உள. அவற்றிடையே பதினைந்து நூற்றாண்டுகள் கிடப்பினும், ஒன்றிலிருந்து நோக்கினால் மற்றொன்று கண்ணுக்குத் தெரியும்.

கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னன், சமவெளியினின்றும் ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிகிரியாக் குன்றின் உச்சியிலே அரண்மனை எழுப்பினான். வழுக்குப் பாறையின் மேல் வைத்த செங்கல் தன் பாரத்தினாலேயே சறுக்கி விழும். ஆகவே, அவனுடைய வினைஞர் பாறையிலே படிபடியாகப் பள்ளங்கள் வெட்டி, அவற்றிற் செங்கல்லைப் பொருத்தினர். பாரம் சரிவு வழியே வழுக்காது, நேரே பாறையினுள் இறங்கிற்று. மழைநீர் வழிந்தோடக் கால்களும், தேங்கி நிற்கக் குளமும் அமைத்தனர். சிங்க வாயிலின் தலையும் பழைய படிகளும் இன்று இல்லை, பாதங்கள் உள்ளன. அவற்றின் மேலே, வெறும் பாறையில், வெட்டுப் பள்ளங்கள் வரிசையாய்த் தெரிகின்றன. சுற்றுலாச் செல்லும் மாணவர் ஓவியங்களைத் தேடி விரைவர். எனக்கோ அப்பள்ளங்களே சிறந்த பாடநூல்.

மற்றையது கண்டலம ஹோட்டல். சிகிரியாவின் அடியிலே கட்டுமாறு கேட்கப்பட்ட ஜெப்ரி பாவா, அதனை விடுத்துக் கண்டலமக் குளத்தை நோக்கிய பாறைச்சரிவொன்றைத் தேர்ந்தார். குளம் மாசுபடும் என்று அஞ்சிப் பலர் எதிர்த்தனர், அவ்வச்சம் நியாயமற்றதன்று. 1994இல் நிறைவெய்திய அக்கட்டடம் தூண்களின் மேல் நிற்கிறது. குன்றிலிருந்து வரும் மழைநீர் அதன் கீழாகவே குளத்தை அடைகிறது. காசியப்பனின் வினைஞர் பாறையை வெட்டினர். பாவாவோ அதனைத் தொடாமல் தாண்டினார். இருவருமே நீருக்கு வழிவிட்டனர்.

மலைநாட்டுச் சரிவு பாறையன்று, மண். மழைநீர் ஊற ஊற மண்ணின் பாரம் கூடும், பிடிப்புக் குறையும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன்கள் அவ்வாறே மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. காசியப்பன் தன் குன்றைத் தானே தேர்ந்தான், பாவாவும் அவ்வாறே. லயன்களில் வாழ்ந்தோருக்கோ அவ்விடம் தெரிந்தெடுக்கப்பட்டுக் கொடுக்கப்பட்டது.