தட்டுக்கு வராத கறி

எழுபதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் நான் தின்றது கேர் நிறுவனம் அனுப்பிய கோதுமைக் குருணை உப்புமா. எண்ணெயும் அமெரிக்காவுடையதுதான். கறி என்றால் வீட்டில், என்றாவது ஞாயிற்றுக்கிழமை.

காமராஜ் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்த திட்டத்துக்குள் முட்டை நுழைய 1989 ஆயிற்று. அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998இல் வாரம் ஒன்று, 2010இல் ஐந்து. இந்தத் தயக்கம் முழுக்கக் காசைப் பற்றியது என்று நான் நம்பவில்லை. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்றார்கள். முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், பழத்தில் ஒன்று. ஈடு செய்யப்பட்டது சத்து அல்ல, சங்கடம்.

2013இன் கலவை சாதப் பட்டியலில் மீல் மேக்கர் வந்தது. எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டில் அழுத்திப் பிதுக்கிய உருண்டை. பாதிக்குப் பாதி புரதம். குறை சொல்ல முடியாது. நார்நாராகக் கறி மாதிரியே கடிபடுகிறது. ஆனால் தின்னும் பிள்ளைகளில் பலர் வீட்டில் நிஜமான கறி புழங்குகிறதே, போலி யாருக்காக? கறியே போடுவதென்றால் ஆடா மாடா என்று கேள்வி வரும். அதற்கு இங்கே எந்தக் கட்சியும் தயாராக இருந்ததில்லை.

அரசுப் பள்ளியில் படிக்கும் என் பேத்தி மீல் மேக்கரைக் 'கறி' என்றுதான் சொல்கிறாள்.