பிரசங்க மேடையும் கேட்போர் உள்ளமும்
ஆறுமுக நாவலரின் சொல்வன்மை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சொல்லினாற் பிறர் உள்ளத்தைத் தம்பால் ஈர்க்கும் கலை தமிழருக்குப் புதியதன்று. திருக்குறள் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரத்தையும், அவையறிதல், அவையஞ்சாமை என்பவற்றுக்குத் தனித்தனி அதிகாரங்களையும் வகுத்துள்ளது. ஆயினும், பழந்தமிழ் நூல்கள் கூறும் அவை பெரும்பாலும் கற்றோர் கூடிய அவையே. கற்றாரும் கல்லாரும் ஒருங்கிருக்க, ஒருவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உரைநடையிற் பேசி, கேட்போர் தம் நம்பிக்கையையும் நடத்தையையும் சீர்தூக்கிப் பார்க்குமாறு தூண்டும் மேடைப் பேச்சு பிற்காலத்து வளர்ச்சியாகும். சைவ யாழ்ப்பாணத்தில் இம்மாற்றத்தின் தொடக்கத்தை ஒரு திகதியோடு இணைத்துக் காட்டலாம். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில், பின்னர் நாவலர் எனப் புகழ்பெற்ற நல்லூர் ஆறுமுகம்பிள்ளை தமது முதலாவது பிரசங்கத்தை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 25.

நாவலரின் சைவப் பணி, கல்விப் பணி, பதிப்புப் பணி என்பன பற்றிப் பலரும் விரிவாக எழுதியுள்ளனர். அவருடைய பேச்சு எவ்வாறு மக்களை இணங்கச் செய்தது, எவ்விடத்தில் இணங்கச் செய்யத் தவறியது என்னும் வினா அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. பேச்சுக்கலையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே அறிய அவருடைய வரலாறு சிறந்த சான்றாகும்.

இரு மரபுகள்

நாவலர் காலத்துக்கு முன் யாழ்ப்பாணத்துச் சைவர் கோயில்களிற் கேட்டு வந்தது புராண படனமாகும். கந்தபுராணம் முதலியவற்றை ஒருவர் இசையுடன் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். இங்கு நூலே தலைமை பெற்றது. செய்யுளின் ஒழுங்கே பேச்சின் ஒழுங்காகவும் அமைந்தது. கேட்போர் புண்ணியம் கருதிக் கேட்டனரேயன்றி, ஒரு முடிவை எய்துவதற்காகக் கேட்டனர் என்று கூறுவதற்கில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மற்றொரு மரபு வந்து சேர்ந்தது. 1814இல் உவெஸ்லியன் மிஷனும் 1816இல் அமெரிக்க மிஷனும் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கின. பாதிரிமார் ஆலயத்தில் மட்டுமன்றித் தெருவிலும் திருவிழாக் கூட்டத்திலும் பேசினர். துண்டுப் பிரசுரங்களை வழங்கினர். அவர்களுடைய பிரசங்கம் ஒரு பொருளை முன்வைத்து, அதனைப் பகுத்து விளக்கி, இறுதியில் கேட்போனை நோக்கி, நீ என்ன செய்யப் போகிறாய் என்று வினவுவதாக அமைந்தது.

இவ்விரு மரபுகளும் நாவலரிடத்திற் சங்கமித்தன. உவெஸ்லியன் ஆங்கில பாடசாலையில் மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் இருந்த அவர், பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவர். எனவே, மிஷன் பிரசங்கத்தின் அமைப்பை அவர் உள்ளிருந்தே அறிந்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவரும் அவருடைய தோழர் கார்த்திகேச ஐயரும் கடவுள் ஒருவர் என்னும் கொள்கை, சிவலிங்க வழிபாடு, கொல்லாமை, கள்ளுண்ணாமை முதலிய பொருள்கள் பற்றிப் பேசினர். பொருளை முன்வைத்துப் பேசும் முறை மிஷனுக்குரியது. மேற்கோளும் இடமும் காலமும் சைவ மரபுக்குரியன. கேட்போர் தமக்கு அந்நியமான ஒன்றைக் கேட்பதாக உணராமலே புதியதொரு பேச்சு முறைக்குப் பழகினர்.

இணங்கச் செய்த வழிகள்

பேச்சாளன் கேட்போரை மூன்று வழிகளில் இணங்கச் செய்கிறான் என்பர் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில். பேசுவோனின் ஒழுக்கம், கேட்போரின் உணர்வு, பேச்சிலமைந்த நியாயம் என்பன அவை. நாவலரிடத்து இம்மூன்றும் தெளிவாகப் புலப்படுகின்றன.

முதலாவது, ஒழுக்கம். இல்லறம் புகாது வாழ்ந்த நாவலர், ஊதியம் தந்த மிஷன் ஆசிரியப் பணியை 1848இல் துறந்து, அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பொருளையும் பதவியையும் நாடி மதம் மாறுவோரை அவர் கண்டித்தபோது, அக்கண்டனத்துக்கு வலுவூட்டியது அவருடைய துறவே. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கிய 'நாவலர்' பட்டம் அவ்வலுவுக்கு மரபின் அங்கீகாரத்தையும் சேர்த்தது.

இரண்டாவது, உணர்வு. தம் முன்னோர் போற்றிய வழிபாட்டை அஞ்ஞானம் எனப் பிறர் இகழக் கேட்டு, விடையிறுக்க வகையறியாது நின்ற சைவரின் மானவுணர்ச்சியை அவர் தொட்டார். ஆனால், அவ்வுணர்ச்சியை வெறும் பகையாக விட்டுவிடாது, பாடசாலை, அச்சுக்கூடம், நூல் என்னும் ஆக்க வழிகளிற் செலுத்தினார்.

மூன்றாவது, நியாயம். 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம் இதற்குச் சிறந்த உதாரணம். சைவக் கிரியைகளைக் கண்டிப்போருக்கு ஆகமத்தை மட்டும் காட்டினால் அவர்கள் ஏற்கார். ஆகவே, பைபிளின் பழைய ஏற்பாட்டிலிருந்தே கோயில், பலி, தூபம், தீபம் முதலியவற்றுக்குச் சான்று காட்டி, தம் வேதத்தில் உள்ளதனைப் பிறரிடத்துக் காணும்போது இகழ்வது எங்ஙனம் என நாவலர் வினவினார். எதிரி மறுக்க இயலாத பிரமாணத்திலிருந்தே தம் வாதத்தைத் தொடங்கும் இம்முறை, பாதிரிமாரை மாற்றியதோ இல்லையோ, சைவருக்குத் துணிவு தந்தது என்பதில் ஐயமில்லை.

சொல்லின் எல்லை

எனினும், நாவலர் சொன்ன யாவற்றையும் சைவர் ஏற்றுக்கொண்டனர் என்று கருதுதல் தவறு. 1872இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலையிற் சைவரின் குறைகளையே அவர் கடுமையாகச் சாடினார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகம முறைப்படி அமைய வேண்டுமென அவர் வற்புறுத்தினார். ஆயினும், அங்கு மூலத்தானத்தில் வேலே இன்றுவரை வழிபடப்படுகின்றது. புறத்தார் கண்டனத்துக்கு எதிராக அவர் பேசியபோது ஒன்றுதிரண்ட அதே சமூகம், தன் வழக்கத்தை மாற்றுமாறு அவர் கூறியபோது முழுமையாக இணங்கவில்லை. கேட்போர் ஏற்கெனவே விரும்பும் முடிவுக்கு அவர்களை அழைத்துச் செல்வது எளிது. விரும்பாத முடிவுக்கு அழைத்துச் செல்வதிலேதான் பேச்சுக்கலை சோதிக்கப்படுகின்றது.

இதனினும் முக்கியமான எல்லை ஒன்றுண்டு. நாவலர் சாதியாசாரத்தை ஏற்றவர். அவருடைய பிரசங்கம் தொடங்கிய கோயிற் சூழலில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு இடம் இருக்கவில்லை. மிஷன் பாடசாலைகளிலும் சாதி பல சிக்கல்களைத் தோற்றுவித்தது உண்மையே. எனினும், தெருவில் நின்று பேசிய பாதிரியார் கொள்கையளவிலேனும் யாவரையும் விளித்தார். நாவலர் 'சைவர்காள்' என விளித்தபோது அவ்விளிக்குள் அடங்காதோர் பலர் வெளியே நின்றனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தமை, அவ்விளி விட்டுச்சென்ற இடைவெளி எத்துணை நீண்டது என்பதை உணர்த்துகின்றது. எத்துணைச் சிறந்த பேச்சும், தான் கேட்போராக மதியாதவருக்கு நீதி வழங்க இயலாது.

கோயிலிலிருந்து அரசியலுக்கு

சமயத்துக்கென உருவான மேடை சமயத்தோடு நின்றுவிடவில்லை. 1879இற் சேர் முத்துக்குமாரசுவாமி காலமானபின், சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் நியமிக்கப்பட வேண்டுமென நாவலர் கூட்டம் கூட்டி ஆதரவு திரட்டினார். அக்காலத்தில் மக்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை; நியமனம் தேசாதிபதியின் கையில் இருந்தது. ஆகவே, கூடியிருந்தோரின் இணக்கமே தேசாதிபதியை இணங்கச் செய்யும் வாதமாயிற்று. இராமநாதன் நியமனம் பெற்றார். அவ்வாண்டு டிசெம்பரில் நாவலர் காலமானார். மக்கள் கூடிக் கேட்பதே ஓர் அரசியற் சக்தி என்னும் பாடம் பின்வந்தோருக்கு எஞ்சியது.

அப்பாடத்தைப் பின்வந்த தலைவர்கள் நன்கு கற்றனர். ஆயின், நாவலரிடமிருந்து கற்கவேண்டியது கூட்டத்தைத் திரட்டும் திறன் மட்டுமன்று. தம் சமூகம் கேட்க விரும்பாததையும் அதன் முகத்துக்கு நேரே கூறும் துணிவும் அவரிடம் இருந்தது. அவர் விளிக்கத் தவறியோரையும் உள்ளடக்கி, அவருடைய அத்துணிவோடு பேசும்போதே மேடைப் பேச்சு தன் முழுப் பயனை எய்தும் எனலாம்.