பாண்டிக் கட்டம் திரைக்குப் போன கதை

காரைக்கால் பக்கம் பாண்டி என்றால் இரண்டு. ஒன்று, சம்பளமும் உத்தரவும் வருகிற தலைநகர். இன்னொன்று, தெருவில் கரித்துண்டால் எட்டுக் கட்டம் கிழித்து, ஓட்டாஞ்சில்லை எறிந்து, ஒற்றைக் காலில் தாவித் தாவி ஆடுவது. பள்ளிக்கூட ஆசிரியையாக முதல் பாண்டியோடு முப்பது வருடம் மல்லுக்கட்டி ஓய்ந்தாயிற்று. சொல்ல வந்தது இரண்டாவதைப் பற்றி.

பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கிய 1954-ல் அம்பகரத்தூரில் பிறந்தவள் நான். பத்ரகாளியம்மன் கோயில் பக்கத்துத் தெருவில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள். கோட்டை மிதித்தால் ஆட்டம் போச்சு. கட்டத்துக்குள் ஒற்றைக் காலில் நின்றபடியே குனிந்து சில்லை எடுக்கவேண்டும். மற்றக் காலை ஊன்றினாலும் போச்சு. பெரியவளான அன்றே பாண்டி நின்றது. காணும் பொங்கலன்று கும்மி மட்டும் இன்னும் சில வருடம் ஓடியது. கல்யாணத்துக்குப் பின் அதுவும் இல்லை. உடம்பைத் தராசு முள்போல நிறுத்தக் கற்ற பாடத்தைப் பதின்மூன்று வயதில் மூட்டை கட்டிப் பரணில் போட்டோம்.

அந்தக் கணக்கு அறுபத்தெட்டு வயதில் வந்து நின்றது. ஐப்பசி அடைமழை, கிணற்றடியில் பாசி, வழுக்கி விழுந்தேன். ஊன்றிய இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் பயம் பிரியவில்லை. சுவரைப் பிடிக்காமல் அடுப்படிக்குப் போகமாட்டேன். "சும்மா உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள் வீட்டில். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் உட்கார உட்காரத் தொடையும் கணுக்காலும் தளரும். தளர்ந்த கால்தான் மறுபடி தடுமாறும். உலகில் ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்தே சாகிறார்கள், அதில் பெரும்பங்கு அறுபதைத் தாண்டியவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதுமைக்கென்று தனி மருத்துவம் வேண்டும் என்ற எண்ணமே நம்மிடம் புதிது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராஜன் அதற்கென ஒரு பிரிவைத் தொடங்கியது 1978-ல்தான்.

எங்கள் பக்கத்தில் சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய், குடும்பங்கள் நிறைய. என் அக்கா வீட்டுக்காரரும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பாரீசில் வளர்ந்த அக்கா பேரன் 2023 பொங்கலுக்கு வந்தபோது, தான் சின்ன வயதில் ஆடிய பழைய நின்டெண்டோ வீ என்ற திரை விளையாட்டுக் கருவியைப் பெட்டியில் போட்டு எடுத்து வந்தான். கூடவே ஒரு வெள்ளைப் பலகை. சப்பாத்திப் பலகையை இழுத்து நீட்டியதுபோல இருந்தது. அடியில் நான்கு மூலையிலும் நான்கு கால், ஒவ்வொன்றிலும் எடையை உணரும் கருவி. "ஏறி நில்லுங்க சின்ன ஆயா" என்றான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி நடுங்கியது. அது நடுவில் நிற்கவே இல்லை. வலப்பக்கமாகவே சரிந்து கிடந்தது. விழுந்த நாளிலிருந்து இடது காலை நம்பாமல் வலது காலிலேயே நான் வாழ்ந்திருக்கிறேன் என்பதை அந்தப் புள்ளி காட்டிக்கொடுத்துவிட்டது. பிறகு ஓர் ஆட்டம்: நாம் சாய்ந்தால் திரையில் மேசை சாயும், உருண்டைகள் உருண்டு குழியில் விழவேண்டும். பத்து நிமிடத்தில் கம்பியை விட்டிருந்தேன். எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

பலகையை என்னிடமே விட்டு அவன் போனபிறகு இதன் பூர்வோத்திரத்தைத் தேடிப் படித்தேன். நின்று சாய்ந்து ஆடும் பலகையை 1982-லேயே அமிகா நிறுவனம் அட்டாரி விளையாட்டுப் பெட்டிக்காகச் செய்தது, விலைபோகவில்லை. 1998-ல் ஜப்பானின் கொனாமி, அம்புக்குறிகளைக் காலால் மிதித்து ஆடும் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' ஆட்டத்தைக் கொண்டுவந்தது. தரையில் கட்டம், சொன்ன கட்டத்தில் சொன்ன நேரத்தில் கால். நம்ம பாண்டிக்கு மின்சாரம் கொடுத்தால் அதுதான். 2007 டிசம்பரில் வந்தது என் வெள்ளைப் பலகை, 'வீ ஃபிட்' ஆட்டத்தோடு. அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, தினமும் எடை பார்ப்பதையே குடும்ப விளையாட்டாக்கியவர். சூமோ மல்லர்களை இரண்டு எடைக்கருவிகளின் மேல் காலுக்கொன்றாக நிறுத்துவார்கள் என்பதுதான் அவருக்குப் பொறியாம். 2010-ல் மெல்பர்ன் ஆய்வாளர்கள், ஆய்வுக்கூடத்தின் விலையுயர்ந்த கருவியோடு இதை ஒப்பிட்டு, நிலைத்தன்மையை அளக்க இந்தப் பலகையும் நம்பத்தக்கது என்றார்கள். அதன்பின் பொம்மை மருத்துவத்துக்குள் வந்தது. நம் நாட்டில் காந்திநகர் ஐஐடியின் உத்தமா லாஹிரி குழு, பக்கவாதத்தில் நிலை தடுமாறியவர்களுக்கு இதை வைத்துப் பயிற்சி முறை வகுத்து 2018-ல் வெளியிட்டது.

சாரம் சிட்னியில் இருக்கிறது. அங்குள்ள நியூரா ஆய்வு நிறுவனத்தார் அந்த ஜப்பானிய நடன ஆட்டத்தையே முதியவர்களுக்காக மாற்றி, 2011-லிருந்து வெளியிட்டு வந்தார்கள். பெரிய சோதனையின் முடிவு 2024-ல் வந்தது. 65 வயதைத் தாண்டிய 769 பேர், ஓர் ஆண்டு. ஒரு குழு வீட்டில் பாயை விரித்து, திரையைப் பார்த்துக் காலெடுத்து வைத்து ஆடியது. இன்னொன்று உட்கார்ந்தபடி மூளைக்கு வேலை தரும் ஆட்டம் ஆடியது. மூன்றாவது குழு ஆடவில்லை. ஆடாதவர்களைவிட, காலெடுத்து வைத்தவர்கள் விழுந்தது 26 சதவீதம் குறைவு. உட்கார்ந்து ஆடியவர்களிடம் சொல்லிக்கொள்ளும் அளவு மாற்றமில்லை. வித்தை திரையில் இல்லை, காலில் இருக்கிறது.

திரையே இல்லாத சாட்சியும் உண்டு. ஜெனீவாவில் 134 முதியவர்களைப் பியானோ இசைக்கு ஏற்ப நடக்கவும் திரும்பவும் பழக்கினார்கள். விழுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2011-ல் அச்சான அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குக் கும்மிதான் ஞாபகம் வந்தது. தாளத்துக்குக் கால், குனிந்து நிமிர்வது, வட்டத்தில் திரும்புவது.

என் பலகை போன வருடம் செத்துவிட்டது. பேட்டரி மாற்றியும் எழவில்லை. முற்றத்தில் சுண்ணக்கட்டியால் ஆறு கட்டம் போட்டுக்கொண்டேன். தாவுவதில்லை, முன்னே, பின்னே, பக்கவாட்டில் கால் மாற்றி வைப்பதோடு சரி. கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னல் கம்பி. பக்கத்து வீட்டுச் சிறுமி கட்டத்தின் எண்ணைக் கத்துவாள், நான் மிதிக்கவேண்டும். சிட்னிக்காரர்கள் சோதித்தது அவர்கள் பாயைத்தான், என் சுண்ணக்கட்டிக் கோட்டை அல்ல. ஆகவே என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள், உங்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். ஒன்றை மட்டும் யாரையும் கேட்காமல் செய்யலாம். வீட்டில் வயதானவர் ஒருமுறை விழுந்துவிட்டார் என்பதற்காக "சும்மா உக்காருங்க" என்று சொல்லாதீர்கள்.