இருநிலை எண்ணாக அச்சிடல் (சி மொழி)

கணினி நினைவகத்தில் பிட்டுகளாக இருக்கும் முழு எண்ணை 0, 1 என்றே திரையில் காட்டுவது இருநிலை அச்சிடல். சிறிய வேலைதான். ஆனாலும் இதற்கென நேரடிக் குறியீடு சி மொழியின் தரநிலைக்குள் வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

எண்ணின் மதிப்பு ஒன்று, தோற்றம் பல. 57ஐ எடுத்துக்கொள்வோம். சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருக்கிறது. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டினது. அதில் 57 சொல்லால் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ் எண்குறியில் அது ௫௰௭, எண்ணிலையில் (எட்டின் அடிமானத்தில்) 71, பதினாறுநிலையில் 39, இருநிலையில் 111001.

இரண்டால் வகுத்துக்கொண்டே போய் மீதியைக் குறிப்பதே பழைய வழி. 57க்கு மீதிகள் 1, 0, 0, 1, 1, 1 என வரும். கடைசியிலிருந்து படித்தால் விடை. இந்த வழியின் முன்னோடி வடமொழி யாப்பில் இருக்கிறது. இலகு (குறுகிய), குரு (நீண்ட) அசைகள் அமையும் வகைகளை யாப்பியலாளர் பிங்கலர் வரிசைப்படுத்தினார். வரிசை எண்ணிலிருந்து அமைப்பைக் காண விதியும் தந்தார்: இரட்டையெனில் பாதியாக்கி இலகு எழுது, ஒற்றையெனில் ஒன்று கூட்டிப் பாதியாக்கிக் குரு எழுது. வரிசையை அவர் 1இல் தொடங்கியதால் அந்த ஒன்று தேவைப்பட்டது. நம் நிரலர்கள் 0இல் தொடங்குகிறார்கள், அவ்வளவே வேறுபாடு.

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் சி மொழியை உருவாக்கினார். அதன் பிரின்ட்எஃப் செயற்கூறு பதின்மம், எண்ணிலை, பதினாறுநிலை மூன்றையும் அச்சிட்டது, இருநிலைக்கு இடமில்லை. எண்ணிலை இலக்கம் ஒவ்வொன்றும் மூன்று பிட்டுக்குச் சமம். 71ஐப் பார்த்ததும் 111, 001 என்று பிரித்துவிடலாம் என்பதால் பெரிய குறையாகத் தோன்றவில்லை. நிரலுக்குள் இருநிலை மாறிலிகளை எழுத அனுமதி கேட்ட முன்மொழிவும் சி99 என்னும் தரநிலை உருவான காலத்தில் போதிய பயனில்லையென்று தள்ளப்பட்டது. மாணவர்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

ஆகவே அவரவர் கைவேலைதான். வகுத்தல் முறையில் இலக்கங்கள் தலைகீழாக வரும். தற்சுழற்சி (செயற்கூறு தன்னையே அழைப்பது) அதை நேராக்கும். பிட்டுகளை வலப்புறம் நகர்த்தி, 1 உடன் ‘அண்ட்’ செய்து, மேல் பிட்டிலிருந்து ஒவ்வொன்றாக அச்சிடுவது இன்னொரு முறை. குறியிலா எண்ணாகக் கொண்டு செய்தால் எதிர்மறை எண்ணும் சிக்கல் தராது: எட்டு பிட்டில் −57 என்பது 11000111. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் ஓடிய நீலத்திரை டர்போ சியில் ‘ஐடோஏ’ என்னும் செயற்கூறு இருந்தது. அடிமானம் 2 என்று கொடுத்தால் அது இருநிலைச் சரம் தரும். தரநிலையில் இல்லாததால் வேறு நிரல்பெயர்ப்பிக்கு மாறியவர்கள் பிழைச்செய்தி கண்டு திகைத்தார்கள்.

குனு சி நூலகம் 2022இல் இருநிலை அச்சிடலுக்கான ‘%பி’ என்ற குறியீட்டை ஏற்றது. சி23 எனப்படும் தரநிலை அதை முறையாகச் சேர்த்துக்கொண்டு 2024இல் வெளியானது. பழைய நிரல்பெயர்ப்பிகளில் இன்றும் மடக்கு எழுதித்தான் ஆகவேண்டும்.