கழுத்துக் கழலையும் தூத்துக்குடி உப்பும்

தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினம் செல்லும் வழியெங்கும் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. இக்கரையில் கடலுப்பை உண்டு வாழ்வோருக்குக் கழுத்துக் கழலை வராது என்னும் நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. அதன் தராதரத்தை அறிய, முன்னோரின் மருத்துவ நூல்களிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (மறைவு கி.பி. 1013), தம் 'தஸ்ரீஃப்' நூலின் அறுவை மருத்துவப் பகுதியில் இந்நோய்க்குத் தனி அத்தியாயமே வகுத்துள்ளார். அதன் பெயரைச் சிலர் 'ஃபீலத்துல் ஹுல்கூம்' என வாசித்து, 'தொண்டை யானை' எனப் பொருள் கூறி வியக்கின்றனர். 'கீலத்துல் ஹுல்கூம்', அதாவது தொண்டைப் பிதுக்கம் என்பதே சரியான வாசிப்பாகும். கிரேக்கர் இட்ட பெயருக்கும் அதுவே பொருள். ஃபாவுக்கும் காஃபுக்கும் ஒரு நுக்தாதானே வேறுபாடு! பிறவிக் கழலைக்குச் சிகிச்சை இல்லை என்றும், இரத்தக்குழாய் வீக்கத்தை ஒத்ததில் கத்தி வைப்பது ஆபத்து என்றும் அவர் எச்சரிக்கிறார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் பாரசீக மொழியில் எழுதிய இஸ்மாயீல் ஜுர்ஜானீ, கழலையோடு விழிகள் பிதுங்குவதையும் குறித்து வைத்தார். ஐரோப்பாவில் கிரேவ்ஸ் இதனை விவரித்தது 1835இல்தான்.

எனினும் அவர்கள் கண்டது கழுத்தின் வீக்கத்தையே. தைராய்டு சுரப்பியில் அயோடின் இருப்பது 1895இல்தான் தெரியவந்தது. உணவிலுள்ள அயோடினை இரைப்பையும் சிறுகுடலும் ஈர்த்துக்கொள்கின்றன. சுரப்பி வெளியிடும் டி4 இயக்குநீரின் ஒரு பகுதி, கல்லீரல் முதலிய உறுப்புகளில் வீரியமிக்க டி3 ஆக மாறுகிறது. மனிதரில் இம்மாற்றம் நிறுவப்பட்டது 1970இல். மதுவை மருந்தாகக் கூறிய ஹகீம்களும் உண்டு. இப்னு சீனாவின் 'கானூன்' நூலிலும் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் மிகுதியான குடி குடலின் உட்சுவரைச் சிதைத்துக் கல்லீரலையும் கெடுக்கும்போது டி3 குறைந்துவிடுகிறது. பெருங்குடியரிடம் சுரப்பியே நார்பட்டுச் சுருங்குவதும் உண்டு. அத்தகையவருக்குக் கழுத்தில் வீக்கம் தோன்றாது. ஆகவே வீக்கமின்மையை நலத்தின் சான்றாகக் கொள்ள இயலாது.

இனி உப்பின் கணக்கு. ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம்தான். ஒரு கிலோ உப்பு விளைய ஏறத்தாழ 40 லிட்டர் நீர் வேண்டும். அவ்வளவு அயோடினும் உப்பிலேயே தங்கினாலும் இரண்டரை மில்லிகிராமை எட்டாது. பெரும்பகுதியோ பாத்தியில் எஞ்சும் கழிவுநீரோடு போய்விடுகிறது. வீட்டை அடையும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமேனும் இருக்க வேண்டும். இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் இராமலிங்கசாமி 1956இல் தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பை உண்ட மக்களிடையே கழலை சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதன் பயனாக 1962இல் தேசியத் திட்டம் உருவாயிற்று. 2006இல் உணவு உப்பில் அயோடின் கலப்பது நாடெங்கும் கட்டாயமாயிற்று. குஜராத்திற்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் மாநிலம் நம்முடையது. ஆயினும் 2018-19இல் நடந்த தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் தமிழகமே கடைசி இடத்தில் நின்றது.