பாடிக் கொடுத்தவரின் பங்கு

97-ஆம் எண் அஞ்சல் ரயில் 1903-ல் வர்ஜீனியாவின் டான்வில் நகருக்கருகே பாலத்திலிருந்து கவிழ்ந்தது. லாரா ஃபாஸ்டரைக் கொன்ற குற்றத்துக்காக டாம் டூலா 1868-ல் வட கரோலினாவில் தூக்கிலிடப்பட்டான். இரண்டு சம்பவங்களையும் மலைநாட்டு மக்கள் பாட்டாக்கினார்கள். இசைத்தட்டுக்காரர்கள் அவற்றைப் பணமாக்கினார்கள். பிறகு இரண்டும் வழக்காயின.

ரயில் பாட்டை 1923-ல் முதலில் பதிவுசெய்தவர்களுள் ஒருவர் ஆலைத் தொழிலாளி ஹென்றி விட்டர். அந்தத் தட்டைக் கேட்டுப் பாடம் பண்ணிய வெர்னன் டால்ஹார்ட், 1924-ல் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடியது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பின்னர், பாட்டை எழுதியவன் நானே என்று டேவிட் ஜார்ஜ் விக்டர் மேல் வழக்குத் தொடுத்தார். 1933-ல் கீழ்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. காரணம் சுவையானது. டால்ஹார்ட் விட்டரின் தட்டைக் கேட்டபோது சில சொற்களைத் தவறாகக் காதில் வாங்கியிருந்தார். அதே பிழைகள் ஜார்ஜ் காட்டிய கையெழுத்துப் பிரதியிலும் இருந்தன! மெட்டும் ஹென்றி க்ளே வொர்க்கின் 1865-ஆம் ஆண்டுக் கப்பல் பாட்டிலிருந்து வந்தது. பாட்டு வந்த வழியைத் தேடித் துருவி விக்டருக்குத் துணை நின்றவர் ராபர்ட் கார்டன் என்ற நாட்டுப்பாடல் அறிஞர்.

டாம் டூலாவைப் பற்றிய 'டாம் டூலி' பாட்டின் கதை வேறு. புகையிலை விவசாயி ஃபிராங்க் ப்ராஃபிட் அதைத் தன் வீட்டாரிடம் கற்றவர். 1938-ல் பாட்டுச் சேகரிப்பாளர் ஃபிராங்க் வார்னருக்குப் பாடிக் காட்டினார். வார்னரிடமிருந்து இன்னொரு சேகரிப்பாளரான ஆலன் லோமாக்ஸுக்குப் போய், 1947-ல் புத்தகத்தில் அச்சேறியது. 1958-ல் கிங்ஸ்டன் ட்ரையோ என்ற பாடகர் குழு அதை அமெரிக்காவின் முதலிடப் பாட்டாக்கியது. தட்டிலோ ப்ராஃபிட்டின் பெயர் இல்லை. பாட்டின் உரிமை பற்றி எழுந்த வழக்கு 1962-ல் சமரசமாக முடிந்தது. விற்பனையின் உச்சம் கடந்துவிட்ட பிறகுதான் ப்ராஃபிட்டுக்கு ராயல்டி வரத் தொடங்கியது.

ஜார்ஜ் தோற்றது நியாயம்தான். ஆனால் அந்தத் தோல்வியால் பாட்டைச் சுமந்து வந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு காசும் சேரவில்லை. லாபம் கம்பெனிக்கே நின்றது. ஊர்ப்பாட்டு பொதுச்சொத்து என்னும் வாதம் பதிவு இயந்திரம் வைத்திருந்தவருக்கே பயன்பட்டது. 'எழுதியவர் யார்' என்று மட்டும் கேட்கும் சட்டத்தில் இது தவிர்க்க முடியாதது. டாம் டூலி வழக்கில் எழுதியவரை யாரும் தேடவில்லை. யார் வாயிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு அங்கே மதிப்பு கிடைத்தது. நாட்டுப்பாட்டுக்குப் பொருந்தும் கேள்வி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்தக் கேள்வியும் பாதி வழிதான் போனது. ப்ராஃபிட் வார்னருக்குப் பாடுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1929-ல், இதே பாட்டை விக்டருக்காகப் பதிவுசெய்தவர்கள் ஜி. பி. கிரேசனும் அதே ஹென்றி விட்டரும். சமரசத்துக்குப் பின் பாட்டோடு ஒட்டிக்கொண்ட பெயர்கள் லோமாக்ஸ், வார்னர், ப்ராஃபிட். கிரேசனும் விட்டரும் அந்த வரிசையில் இல்லை.