அட்டாலியில் கிடக்கும் கொடுமுடிக் குரல்

பத்து அங்குல அகலம், கன்னங்கரிய நிறம். கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனமாக இருக்கும். நழுவ விட்டால் ஓடு மாதிரி சில்லுசில்லாக உடையும். கொங்கு நாட்டுப் பெரியவர்கள் இந்தக் கிராமபோன் இசைத்தட்டைப் 'பிளேட்டு' என்பார்கள். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் பாடிய பிளேட்டின் கதை இது. அம்மாள் 1980 செப்டம்பரில் மறைந்தார். பிளேட்டு இன்னும் எங்கெங்கோ வீடுகளில் கிடக்கிறது.

அது பிறந்தது மரத்தில். சோட்டா நாக்பூர்க் காடுகளில் புரசு, இலந்தைக் கிளைகளில் அரக்குப் பூச்சி படிய வைக்கும் பிசினைச் சுரண்டி உருக்குவார்கள். கல்மாவும் கரியும் சேர்த்துப் பிசைந்து, கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் சூட்டோடு அழுத்தி எடுப்பார்கள். இந்தியாவில் விற்ற தட்டுகளில் பெரும்பகுதி அங்கே அச்சானவைதான். டம்டமுக்கு முன், கல்கத்தா சியால்தாவில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது 1908இல். காவிரிக்கரைக் கொடுமுடியில் சுந்தராம்பாள் பிறந்ததும் அதே ஆண்டு.

பிளேட்டில் ஏறுவதற்கு முன் அந்தக் குரல் ரயிலில் ஏறியது. வீட்டில் வறுமை. சிறுமி ரயில் பெட்டிகளில் பாடிச் சில்லறை வாங்கினாள். ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி. நடேசய்யர் காதில் அது விழுந்தது. வேலு நாயர் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது.

அந்த மேடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி கிடையாது. விடிய விடிய நாடகம். கடைசி வரிசையில், மண்தரையில் குந்தியிருக்கும் உழவனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். அப்படிப் பழகிய தொண்டை அவருடையது. பிளேட்டோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம் தரும். ஒரு விருத்தத்தை ராகம் ராகமாக விரித்துக்கொண்டே போகிறவர், அந்தச் சிறிய வட்டத்துக்குள் பாட்டை அடக்க வேண்டியிருந்தது. என் காதுக்கு, அந்த நெருக்கடியே அவர் பாட்டுக்கு ஒரு வீரியம் தந்தது. முள் உரசும் இரைச்சலுக்கு நடுவிலும் ஒரு எழுத்துகூட மங்காது. மேல் ஸ்தாயியில் ழகரமும் றகரமும் தனித்தனியே நின்று ஒலிக்கும். இன்றைய பாடகர்கள் தமிழ் உச்சரிப்பு படிக்க அவரைவிட நல்ல வாத்தியார் இல்லை.

1926இல் கொழும்பு மேடையில் பாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்தார், மறு ஆண்டு மணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அம்மாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கிட்டப்பாவின் குரலும் அதன் பிறகு பிளேட்டில் மட்டும்தான்.

பிளேட்டு நாடகப் பாட்டோடு நிற்கவில்லை. காந்தியையும் கதரையும் பாடி ஊருக்குள் நுழைந்தது. படிக்கத் தெரியாதவர் வீட்டுத் திண்ணைக்கு விடுதலைச் செய்தியைக் கொண்டுபோனதில் அம்மாள் குரலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1935இல் 'நந்தனார்' படத்துக்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசியதை நாடே வியந்தது. 1953இல் 'ஔவையார்', 1958இல் சட்ட மேலவை, 1965இல் 'திருவிளையாடல்'. கோவைக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டுக்கான தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ.

எங்கள் கொங்குப் பக்கத்தில் கல்யாணம், சீர், கும்பாபிஷேகம் என்றால் முதல் வேலை 'ரேடியோ செட்' கட்டுவது. புளியமரத்திலோ தென்னையிலோ கூம்புக் குழாய் ஏறும். சாமி பாட்டுதான் முதலில்; அம்மாள் குரல் கேட்டதும் அடுத்த ஊருக்கும் விசேஷம் தெரிந்துவிடும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடி வந்து காவிரித் தீர்த்தம் முகந்து பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்துக்கு, அவர் பாடிய முருகன் பாட்டுகள் வழித்துணை.

அம்மாள் கண்மூடுவதற்குள்ளேயே, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இந்தத் தட்டுகள் அச்சாவது நின்றுவிட்டது. எல்.பி. வந்தது, கேசட் வந்தது, இப்போது கைபேசி. சினிமாப் பாட்டுகள் ஒவ்வொரு முறையும் புதிய சட்டை மாற்றிக்கொண்டு தப்பின. நாடக மேடைப் பாட்டுகள் பலவும், காந்திப் பாட்டுகளும் அப்படிப் புதுச் சட்டை போடவில்லை. அவற்றில் எத்தனையோ கறுப்புத் தட்டில் மட்டுமே இருக்கின்றன. அந்தத் தட்டுகள் பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போகின்றன. மனது பொறுக்கவில்லை.

உங்கள் வீட்டு அட்டாலியில் ஒன்று இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். உலர்ந்த மெல்லிய துணியால் தூசு தட்டுங்கள்; ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். வைத்துக்கொள்ள முடியாதவர்கள் சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களிடம் கேளுங்கள். எடைக்கு மட்டும் போடாதீர்கள். அச்சு நின்றுபோன தட்டு. உடைந்தால் இன்னொன்று வராது.